பெயரைக் கேட்டுவிட்டு ஊசி போடுங்கள்

அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் ஒரே நாளில் மூன்று முத்துலட்சுமிகள் படுத்திருப்பது அதிசயமில்லை. இனிஷியல்கூட ஒன்றாக இருக்கலாம். ரேஷன் கார்டில் ஒரு வயது, ஆதாரில் இன்னொரு வயது, ஓ.பி. சீட்டிலோ கேட்டவுடன் குத்துமதிப்பாகச் சொன்ன வயது. இரவு இரண்டு மணிக்கு ஊசியோடு வரும் சிஸ்டர், "முத்துலட்சுமிதானேம்மா?" என்று கேட்டால், காய்ச்சலில் கிடப்பவர் "ம்" என்பார். காது மந்தமான பாட்டியோ எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் தலையாட்டுவார்.

அதனால்தான் நோயாளியின் பெயரை ஊழியர் சொல்லக்கூடாது, நோயாளியின் வாயால் சொல்ல வைக்கவேண்டும் என்கிறது மருத்துவமனைப் பாதுகாப்பின் முதல் பாடம். "உங்க பேர் என்னம்மா?" என்று கேட்டு, வரும் பதிலைக் கையில் கட்டிய பட்டையோடும் கேஸ் ஷீட்டில் உள்ள எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். பெயர் ஒன்று, மருத்துவமனைப் பதிவெண் இன்னொன்று என இரண்டு அடையாளமாவது பொருந்த வேண்டும். படுக்கை எண்ணை அடையாளமாக வைத்துக்கொள்வது ஆபத்து. காலையில் 12-ஆம் படுக்கையில் இருந்தவர் மாலையில் ஸ்கேன் எடுக்கப் போய்த் திரும்பும்போது அங்கே வேறொருவர் படுத்திருக்கலாம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, சிகிச்சைக்கு வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையாலேயே ஏதோ ஒரு கேடு நேர்கிறது. ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் அதிகமானோர் பாதுகாப்பற்ற சிகிச்சையால் இறக்கிறார்கள். இந்தக் கேடுகளில் பாதிக்கு மேல் தடுக்கக்கூடியவை. 2019 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 17-ஐ உலக நோயாளிப் பாதுகாப்பு நாளாக அந்த நிறுவனம் கடைப்பிடிப்பது இதற்காகத்தான்.

இந்தக் கேடுகளில் பெரும்பாலானவை யாரோ ஒருவரின் அக்கறையின்மையால் மட்டும் நடப்பவை அல்ல. நாற்பது நோயாளிகளை ஒற்றை ஆளாகப் பார்க்கும் செவிலியர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒரு நொடி தவறுவார். தவறும் அந்த நொடியில் வேறொரு சரிபார்ப்பு குறுக்கே நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

சாத்தூரில் நடந்தது

2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தையே உலுக்கிய செய்தி பலருக்கு நினைவிருக்கும். சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்று ஏற்பட்டது. ரத்தம் வந்தது சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து. கொடுத்த இளைஞர் 2016-லும் ரத்தம் கொடுத்தவர். அப்போதே தொற்று தெரிந்திருந்தும் அந்தத் தகவல் அவரிடம் போய்ச் சேரவில்லை. உறவினர் ஒருவருக்காக 2018-இல் மறுபடியும் கொடுத்தார். பிறகு வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் விவரம் தெரிந்ததும் அவராகவே ஓடிவந்து சொன்னார். அதற்குள் அந்த ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது.

எத்தனை இடத்தில் இது நின்றிருக்கலாம் என்று எண்ணிப் பார்த்தால் நெஞ்சு பதறுகிறது. 2016-இல் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். பழைய பதிவேட்டில் அவர் பெயர் தேடப்பட்டிருந்தால் நின்றிருக்கும். ரத்தப் பையின் பரிசோதனை முடிவை இரண்டாவது ஒருவர் பார்த்து ஒப்பமிட்டிருந்தால் நின்றிருக்கும். ஊழியர்கள்மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டது, அது வேண்டியதே. ஆனால் ஆளை மாற்றிவிட்டுப் பழைய முறையையே வைத்திருந்தால், புதிதாக வருபவரும் ஒருநாள் அதே பள்ளத்தில் விழுவார். மருத்துவத் தவறுகள் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் "யார் செய்தது?" என்ற கேள்வியோடு முடிந்துவிடுகிறது. "எப்படி நடக்க முடிந்தது?" என்பதையும் விடாமல் கேட்கவேண்டும்.

இந்தியாவில் ஒவ்வொரு பை ரத்தத்துக்கும் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, மஞ்சள் காமாலை சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்து பரிசோதனைகள் கட்டாயம். பரிசோதனையைத் தாண்டிய ரத்தத்திலும் ஓர் ஆபத்து உண்டு: பை மாறுவது. ரத்தப் பிரிவு மாறினால் சில மில்லி உள்ளே போனதுமே உடல் எதிர்க்கத் தொடங்கும். ஆகவே பையை மாட்டும் முன் இரண்டு பேர் சேர்ந்து, படுக்கையருகிலேயே நின்று, நோயாளியின் பெயர், பதிவெண், ரத்தப் பிரிவு, பையின் எண், காலாவதித் தேதி ஆகியவற்றை வாய்விட்டுப் படித்து ஒப்பிடவேண்டும். முதல் 15 நிமிடம் மெதுவாகச் சொட்டவிட்டு, ஆள் பக்கத்திலேயே இருக்கவேண்டும். அந்த நேரத்தில் நடுக்கம், முதுகுவலி, மூச்சிறைப்பு, ஊசி ஏறிய இடத்தில் எரிச்சல் என்று எது வந்தாலும் உடன் இருப்பவர் தயங்காமல் சிஸ்டரைக் கூப்பிடலாம். "சும்மா குளிருதாம்" என்று போர்வையைப் போர்த்திவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

மாத்திரையில் இருக்கும் ஆபத்து

மருந்தால் வரும் கேடுதான் எல்லாவற்றிலும் பெரிய பங்கு. அதில் ஒரு பகுதி மருத்துவமனை வாசலைத் தாண்டி, நம் வீட்டுச் சமையலறை அலமாரியில் நடக்கிறது.

முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரையைத் தருவார்கள். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் எடுப்பது. கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் தருவார்கள். இரண்டும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரைகள். எல்லா மாத்திரையையும் தினமும் விழுங்கிப் பழகிய பெரியவர் இதையும் தினமும் விழுங்கிவிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் குறையும், உயிரே போகலாம். உலகம் முழுக்கத் திரும்பத் திரும்ப நடந்திருக்கும் தவறு இது. சீட்டில் "வாரம் ஒருமுறை" என்று மட்டும் இருந்தால் போதாது. எந்தக் கிழமை என்று மருத்துவரிடம் கேட்டு, அட்டையின் மேலேயே "புதன்கிழமை மட்டும்" என்று தமிழில் பேனாவால் எழுதிவையுங்கள்.

இன்சுலின் போடும் வீடுகளில் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது, இதை நிதானமாகப் படிக்கவேண்டும். நம் ஊரில் கண்ணாடிக் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட் கொண்டது. அதற்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு. பேனாவில் போடும் இன்சுலினில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். 100 யூனிட் சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு. பேனா பழுதாகிவிட்டது என்று, அதன் குழாயிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை உறிஞ்சினால், உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். இரண்டரை மடங்கு! வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறி, சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும். மருந்துக் கடையில் சிரிஞ்சு வாங்கும்போது குப்பியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். கடைக்காரர் அவசரத்தில் எடுத்துக் கொடுத்தாலும் மூடியின் நிறத்தை நீங்கள் பாருங்கள்.

டோலோ, கால்பால், குரோசின் மூன்றும் பாராசிட்டமால்தான். ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்ததையும், கடையில் கேட்டு வாங்கியதையும், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்ததையும் சேர்த்து விழுங்கினால், பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவான 4 கிராமைத் தாண்டிக் கல்லீரலைக் கெடுத்துவிடும். மருத்துவரிடம் போகும்போது, சித்த மருந்து, லேகியம், சந்தையில் வாங்கிய பொடி உட்பட, வீட்டில் எடுக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது நல்ல பழக்கம். திட்டுவார் என்று நாட்டு மருந்தை மறைக்கிறவர்கள் நிறைய. மறைப்பதால் மருத்துவரின் கண்ணைத்தான் கட்டுகிறோம். பெனிசிலின் போன்ற மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை ஒவ்வொரு முறையும், ஒவ்வொருவரிடமும் சொல்லவேண்டும். "போன தடவையே சொல்லிட்டேனே" என்று விட்டுவிடக்கூடாது.

தியேட்டருக்குள் 19 கேள்விகள்

அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கேட்டுச் சரிபார்க்க வேண்டிய 19 விஷயங்களை ஒரே தாளில் அடக்கி 2008-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்டது. அந்த முயற்சியை முன்னின்று நடத்தியவர் அறுவை மருத்துவரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே. புது டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அறுவைக்குப் பிந்தைய இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகவும், பெரிய சிக்கல்கள் 11-லிருந்து 7 விழுக்காடாகவும் இறங்கின. புது இயந்திரம் எதுவும் வாங்கவில்லை. மயக்க மருந்து தரும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளியை வெளியே கொண்டுவரும் முன் என மூன்று இடத்தில் நின்று கேட்டார்கள். யார் இவர், எந்தப் பக்கத்துக் கால், ஆண்டிபயாட்டிக் ஊசி போட்டாயிற்றா, எண்ணிய பஞ்சும் கருவியும் திரும்பிவிட்டனவா?

அந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த வரி, அறைக்குள் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்லவேண்டும் என்பது. ஒருமுறை வாயைத் திறந்துவிட்ட இளம் செவிலியர், தவறைக் கண்டால் பெரிய டாக்டர் முன்னாலும் மறுபடி வாயைத் திறப்பார். ஆனால் கேள்வியைக் கேட்காமல் கட்டத்தில் டிக் மட்டும் போட்டுவைத்தால் பயனில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இந்தத் தாளைக் கட்டாயமாக்கிய பிறகு இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை என்று 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. கட்டளை போட்டால் காகிதம் நிரம்பும், பழக்கம் வருவதற்குப் பயிற்சியும் நேரமும் வேண்டும்.

நோயாளியும் இதில் பங்கெடுக்கலாம். தியேட்டருக்குப் போகும் முன், அறுவை செய்ய வேண்டிய இடத்தில் பேனாவால் குறி போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போடாவிட்டால் கேளுங்கள்.

கையும் தரையும்

நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் கை சுத்தமாக இருக்கவேண்டும். இது பார்க்க வரும் உறவினருக்கும் பொருந்தும். சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி தேய்க்கவேண்டும். பச்சைக் குழந்தையைப் பார்க்கப் பத்துப் பேராகப் போகாதீர்கள். தரையிலும் கவனம் வேண்டும்: வயதானவர்கள் விழுவது பல நேரங்களில் இரவில், கழிவறைக்குப் போகும் வழியில். கூப்பிட்டால் எழுந்திருக்கும் தூரத்தில் ஒருவர் படுத்திருந்தால் இடுப்பெலும்பு தப்பும்.

தவறு நடந்த பிறகு

வார்டில் உயிர் போனால் உறவினரின் கோபம் கண்ணாடியை உடைக்கிறது. அதைக் கண்டு பயந்து மருத்துவமனை வாயை மூடிக்கொள்கிறது. உண்மையில் என்ன நடந்தது என்பது இரு தரப்புக்கும் இடையில் புதைந்துபோகிறது. இது இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பேறுகால மரணங்களில் தமிழ்நாடு வேறு வழியில் போய்க் காட்டியிருக்கிறது. 1990-களிலிருந்து இங்கே தாய் இறப்பு ஒவ்வொன்றையும், அது வீட்டிலோ வழியிலோ தனியார் மருத்துவமனையிலோ எங்கே நடந்திருந்தாலும், பதிந்து ஆராயும் வழக்கம் வளர்ந்தது. ரத்தப்போக்கைக் கவனிக்கத் தாமதமா, வண்டி கிடைக்கவில்லையா, ரத்தம் கையிருப்பில் இல்லையா என்று படிப்படியாகக் கேட்டார்கள். 24 மணி நேர அவசர மகப்பேறு சிகிச்சை (சீமாங்) மையங்களும் 108 வண்டியும் அந்த இடைவெளிகளை நிரப்பின. ஒரு லட்சம் குழந்தைப் பிறப்புக்கு 2001–03-இல் 134 ஆக இருந்த தாய் இறப்பு, 2018–20-இல் 54 ஆனது. ஆய்வு மட்டுமே காரணமில்லைதான். ஆனாலும் எங்கே ஓட்டை என்று தெரிந்தபின்தான் அடைக்க முடிந்தது. மருந்துப் பிழைக்கும், பை மாறிய ரத்தத்துக்கும், படுக்கையிலிருந்து விழுந்தவருக்கும் இதே கவனம் கிடைக்கவேண்டும். மயிரிழையில் தப்பிய சம்பவங்களையும் ஊழியர்கள் பயமின்றி எழுதிவைக்கும் ஏடு எல்லா மருத்துவமனையிலும் வேண்டும்.

நோயாளி செய்யக்கூடியதும் உண்டு. ஒரு மருந்தால் பாதிப்பு வந்தால், மருத்துவரிடம் சொல்வதோடு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணான 1800-180-3024-இல் நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகத் தெரிவிக்கலாம். கேஸ் ஷீட்டின் நகலை முறைப்படி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. என்ன மருந்து, எவ்வளவு, எப்போது கொடுத்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். அடுத்த மருத்துவரிடம் போகும்போது அதையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கையோடு எடுத்துப்போங்கள்.