காக்கைக்கு 40 கிலோ மீட்டர்! நமக்கு எவ்வளவு?

கடலூர்,
திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் நின்று, "சிதம்பரம் எவ்வளவு தூரம்?" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் கிலோ மீட்டர் கணக்கு சொல்ல மாட்டார்கள். "ஒரு மணி நேரம் ஆகும் சார். மழை பேஞ்சா சொல்ல முடியாது" என்பார்கள்.

அதுதான் சரியான கணக்கு!

காக்கை நேராகப் பறந்தால் சுமார் 40 கிலோ மீட்டர். ரோட்டில் போனால் சுமார் 45. வித்தியாசம் பெரிதல்ல. ஆனால் ஊர் நெரிசலும் மழையும்தான் நேரத்தைத் தின்று விடுகின்றன.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூரைத் தாக்கியது. மரங்கள் ரோட்டில் சாய்ந்தன. அன்று அடுத்த ஊரே அயல்நாடு ஆகிவிட்டது!

ரெயில் இல்லாத காலம்

மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்க, விழுப்புரம் - மயிலாடுதுறை ரெயில் 2006-ல் நிறுத்தப்பட்டது. 2010-ல்தான் மீண்டும் ஓடியது. அதுவரை எல்லோருக்கும் பஸ்தான் கதி.

இப்போது நாலு வழிச்சாலை வந்திருக்கிறது. கூடவே சுங்கச்சாவடியும் வந்தது! 2024 டிசம்பரில் கொத்தட்டையில் வசூல் தொடங்கியதும் தனியார் பஸ்காரர்கள் எதிர்ப்புக் கொடி தூக்கினார்கள்.

விமானத்தில் போனால்?

கடலூரிலிருந்து சென்னை மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 145 கிலோ மீட்டர். சிறிய விமானம் அரை மணி நேரத்தில் போய்விடும். ரோட்டில் சென்னைக்கு நாலு மணி நேரம் பிடிக்கும்.

நெய்வேலியில் விமான ஓடுதளம் உண்டு. 'உதான்' திட்டத்திலும் அந்த ஊர் பெயர் சேர்ந்தது. சரி, விமானம் பறந்தே விட்டதாக வைத்துக்கொள்வோம். கடலூர்க்காரர் நெய்வேலி போக ஒரு மணி நேரம். சோதனைக்கும் காத்திருக்கவும் ஒரு மணி நேரம். பறக்க அரை மணி நேரம். மீனம்பாக்கத்திலிருந்து ஊருக்குள் போக இன்னொரு மணி நேரம். கூட்டிப் பார்த்தால் மூன்றரை மணி நேரம்! அரை மணி மிச்சத்துக்கா விமான டிக்கெட்?

புதுச்சேரி லாசுப்பேட்டையிலிருந்து 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கிய விமானங்களும் பெங்களூர், ஐதராபாத்துக்குத்தான். தூரப் பயணத்துக்கே விமானம் லாபம்.

உயிருக்கு நேரம்

விபத்தில் அடிபட்டவருக்கு இந்தக் கணக்கு விளையாட்டல்ல. பெரிய சிகிச்சை என்றால் வடக்கே புதுச்சேரி ஜிப்மர். தெற்கே அண்ணாமலை நகரில் 2021-ல் அரசு ஏற்ற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. எந்தப் பக்கம் போனாலும் ஆம்புலன்சுக்கு இறக்கை கிடையாது. ரோடுதான்!

அங்கே பத்து நிமிஷம் வீணானால் திரும்பி வராது. ஊருக்குள் நடுரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள் இதை யோசிப்பார்களா?