பயம் வரவில்லை என்று சொன்னவர்கள்

பழைய பேய்ப்படம் ஒன்றைப் பார்த்தவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் "பயமே வரவில்லை" என்பதுதான். பேய்ப்படம் என்றால் பயமுறுத்த வேண்டும், பயமுறுத்தாவிட்டால் அது தோற்றுப்போன படம் என்பது நம்மில் பலர் வைத்திருக்கும் கணக்கு. இந்தக் கணக்கு சரிதானா என்று யோசிக்க வைத்த படம் 1964இல் வெளிவந்த 'பார்கவி நிலையம்' என்ற மலையாளப் படம்.

அதற்கு எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு தமிழ்ப் படம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தோழியின் அம்மம்மாவுக்கு, ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' (1963) பற்றிப் பேசத் தொடங்கினால் நேரம் போவது தெரியாது. பாழடைந்த மாளிகை, முற்பிறவி ஞாபகம், நூறு வயதைத் தாண்டிய கிழவராக நம்பியார். "கதையை விடு பிள்ளை, அந்த வெளிச்சத்தையும் இருட்டையும் பார்" என்பார். அந்த வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உரியவர் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட். அவர் அடுத்த ஆண்டே முதன்முதலாக இயக்கிய படந்தான் 'பார்கவி நிலையம்'. கதையும் திரைக்கதையும் வைக்கம் முகம்மது பஷீர். 'பாத்துமாவின் ஆடு' எழுதிய அதே பஷீர் பேய்ப்படத்துக்கு எழுதினாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில், ஆங்கில எழுத்துகளை வாசித்தபடியே குடும்பமாக அந்தப் படத்தைப் பார்த்தோம்.

கதை இதுதான். ஓர் எழுத்தாளர் (மது) யாரும் குடியிருக்க அஞ்சும் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுக்கிறார். அந்த வீட்டுக் கிணற்றில் பார்கவி என்ற இளம்பெண் விழுந்து இறந்ததாகவும், அவளுடைய ஆவி அங்கே உலாவுவதாகவும் ஊர் சொல்கிறது. எழுத்தாளர் வீட்டைக் காலி செய்யவில்லை, மந்திரவாதியையும் அழைக்கவில்லை. 'பார்கவிக்குட்டி' என்று விளித்து, கண்ணுக்குத் தெரியாத அவளோடு வீட்டார் ஒருவரோடு பேசுவதுபோலப் பேசுகிறார். பிறகு அவளுடைய கதையை எழுதத் தொடங்குகிறார். எழுத எழுத, ஊர் சொன்ன கதை வேறு, நடந்தது வேறு என்பது வெளியே வருகிறது.

என் தங்கைக்குப் படம் பிடிக்கவில்லை. "வெள்ளைச் சாரி கட்டிக்கொண்டு பாட்டுப் பாடினால் யாருக்கு ராத்தா பயம் வரும்?" என்று சிரித்தாள். அவளைக் குறை சொல்வதற்கில்லை. இன்றைய பேய்ப்படங்கள் நம்மைப் பழக்கியிருப்பது திடுக்கிடலுக்கு. மௌனம், திடீர்ச் சத்தம், திரை முழுக்க ஒரு முகம். உடம்பு ஒருமுறை துள்ளும், அடுத்த நிமிடம் மறந்துபோகும். திகில் என்பது வேறு. அது காத்திருக்க வைக்கும். காலியான ஊஞ்சல், திறந்து கிடக்கும் கதவு, கிணற்றின் விளிம்பு என்று கமெரா நின்று நிதானிக்கும்போது, என்ன நடக்கும் என்பதைவிட இங்கே என்ன நடந்தது என்ற கேள்விதான் மனதில் ஊறும்.

ஐரோப்பியர்கள் இந்த வகைக் கதைகளைக் 'கோதிக்' என்று அழைத்தார்கள். 1764இல் ஹோரஸ் வால்போல் எழுதிய 'ஒட்ரான்டோ கோட்டை' அதன் தொடக்கம் என்பார்கள். இவற்றில் உண்மையான கதாநாயகன் வீடுதான். பழைய கட்டடம், பூட்டிய அறை, குடும்பம் மறைத்து வைத்த ஒரு குற்றம், பெரும்பாலும் அதற்குப் பலியான ஒரு பெண். ஸ்பெயினில் 1969இல் வந்த 'லா ரெசிடென்சியா' என்ற படம் இதையே ஒரு பெண்பிள்ளைகள் விடுதிக்குள் கொண்டுபோய் வைத்தது. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிகள் அதை இரவில் பார்க்காமல் இருப்பது நல்லது!

உம்மாவின் ஆட்சேபம் வேறு விதமானது. "மௌத்தானவங்க திரும்பி வாறதா? அப்படி ஒண்டும் இல்ல" என்று படம் தொடங்கும்போதே சொல்லிவிட்டார். பல பெற்றோர் மனதில் இருக்கக்கூடிய ஆட்சேபந்தான் இது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் உம்மா எழுந்து போகவில்லை. அந்தப் பிள்ளையை யார் கிணற்றில் தள்ளியது என்று தெரியும்வரை உட்கார்ந்திருந்தார். ஆவியை நம்பாத ஒருவரைக் கடைசிவரை இருத்திவைத்தது எது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இந்த இடத்தில் பஷீரின் மூலக்கதையைச் சொல்ல வேண்டும். 'நீலவெளிச்சம்' என்ற சிறுகதையில் கொலைகாரன் எவனும் இல்லை. காதலித்தவன் வேறொருத்தியை மணந்துகொண்டான், பார்கவி கிணற்றில் குதித்துவிட்டாள் என்ற ஊர்ப்பேச்சோடு அவளுடைய வரலாறு முடிந்துவிடுகிறது. எழுத்தாளர் அவளோடு பேசுகிறார், இசைத்தட்டுப் போட்டுக் காட்டுகிறார். ஓரிரவு விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட, வாங்கிவர வெளியே போகிறார். திரும்பி வந்தால் அறை முழுக்க நீலவெளிச்சம். எண்ணெய் இல்லாத விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. ஏற்றியது யார்? கதை அவ்வளவுதான்.

இலக்கியமாகப் பார்த்தால் சிறுகதைதான் உயர்ந்தது என்பேன். படத்தில் நாணுக்குட்டன் என்ற முறைப்பையன் வில்லனாக வருகிறான். பார்கவியின் காதலனுக்கு நஞ்சு கொடுத்ததும் அவன்தான், அவளைக் கிணற்றில் தள்ளியதும் அவன்தான். கடைசியில் அவனும் அதே கிணற்றில் விழுகிறான். கணக்கு இவ்வளவு நேராகத் தீர்ந்துவிடுவது எனக்குக் கொஞ்சம் சப்பென்றிருந்தது. ஆனால் சிறுகதை செய்யாத ஒன்றைப் படம் செய்கிறது. ஊர் 'தற்கொலை' என்று முடிவு கட்டி, அதன்மேல் ஒரு பேய்க்கதையையும் கட்டி, வீட்டைப் பூட்டிவிட்டது. ஒரு பெண் எப்படி இறந்தாள் என்று கேட்பதைவிட, அவள் பேயாகிவிட்டாள் என்று சொல்வது ஊருக்கு இலகு. அப்படிச் சொல்லிவிட்டால் யாரும் அந்தப் பக்கம் போய்ப் பார்க்க மாட்டார்கள், குற்றவாளியும் நிம்மதியாக நடமாடலாம். கொட்டாஞ்சேனை அம்மம்மா இதை ஒரே வரியில் சொன்னார்: "அவளைப் பேயாக்கினது கிணறில்லை பிள்ளை, சனங்களின்ட வாய்."

தமிழ்ப் படங்களில் நாம் பார்த்துப் பழகிய வழிகள் வேறு. 'காஞ்சனா'வில் (2011) ஆவி ஓர் உடலுக்குள் புகுந்து பழிவாங்குகிறது. 'சந்திரமுகி'யில் (2005) பேயே இல்லை, மனநோய்தான். பஷீர் இந்த இரண்டு வழியிலும் போகவில்லை. அவருடைய எழுத்தாளர் அவளை விரட்டவுமில்லை, விளக்கித் தீர்க்கவுமில்லை, காது கொடுக்கிறார். அவருடைய 'மதில்க'ளிலும் இதுதான். சிறைச்சுவருக்கு அப்பால் இருக்கும் நாராயணியைக் கதைசொல்லி ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. குரல் மட்டுந்தான் வருகிறது. அந்தக் குரலை நம்புகிறார். பார்க்க முடியாத பெண்ணின் பேச்சை நம்புவது பஷீருக்கு இயல்பாக வந்திருக்கிறது.

பாட்டுகளைப் பற்றித் தங்கை சொன்னதோடு எனக்கு உடன்பாடில்லை. எம். எஸ். பாபுராஜின் இசையில் யேசுதாஸ் பாடியது இன்றும் கேரளத்தில் ஒலிக்கிறது. 2023இல் ஆஷிக் அபு இதே திரைக்கதையை 'நீலவெளிச்சம்' என்ற பெயரில் வண்ணத்தில் எடுத்தபோதும் பழைய பாட்டுகளை விட்டுவிட முடியவில்லை. டொவினோ தோமஸ் எழுத்தாளராகவும் ரீமா கல்லிங்கல் பார்கவியாகவும் நடித்த அந்தப் படம் கண்ணுக்கு அழகானது. தங்கைக்கு அதுதான் பிடித்தது. எனக்கு அதில் இருட்டு போதவில்லை.

பழைய படத்தில் பார்கவியாக நடித்த விஜய நிர்மலாவைப் பற்றியும் ஒரு சொல். அவர் பின்னாளில் கமெராவுக்குப் பின்னால் போய், பெரும்பாலும் தெலுங்கில், நாற்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கினார். அதிக படங்களை இயக்கிய பெண் என்று கின்னஸ் புத்தகத்திலும் இடம்பிடித்தார்.

பார்க்க விரும்பும் மாணவிகள் சிறுகதையை முதலில் வாசியுங்கள். சில பக்கங்கள்தான். பிறகு 1964ஆம் ஆண்டுப் படம், கடைசியில் 2023ஆம் ஆண்டுப் படம். முடிந்தால் வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நடுவில் நிறுத்தி, "இந்த ஊர் சொல்வதை நீங்கள் நம்புகிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்குப் பிறகு படம் அரைமணி நேரம் நகரவே இல்லை.