கண்ணாடித் தொட்டியில் பவளப்பாறை

காம்பாரிலிருந்து கோப்பேங் வழியாக ஈப்போவுக்குச் செல்லும்போது, வழியெங்கும் சுண்ணாம்புக்கல் மலைகள் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்தக் கற்கள் கடலுக்கு அடியில் உருவானவை. காம்பாருக்கு மேற்கே ஈயச் சுரங்கங்களைத் தோண்டியபோது வெளிப்பட்ட சுண்ணாம்புப் பாறைகளில் பவளம், கடல் நத்தை ஆகியவற்றின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. அப்பாறை அடுக்குகளை ஆராய்ந்த சுந்தரலிங்கம் என்னும் மண்ணியல் அறிஞர், 1968-இல் அவற்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அவற்றுள் இளைய அடுக்குகளே 25 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஆகவே நாம் ஒரு பழைய கடல் தரையின்மீதுதான் குடியிருக்கிறோம்.

அத்தகைய கடல் தரையைச் சிறிய அளவில் வீட்டுத் தொட்டியில் அமைப்பதற்குக் கற்களை எப்படி வைக்க வேண்டும் என்பதை இன்று காண்போம். இதில் தவறினால் பல மாதச் சேமிப்பு வீணாகும்; உயிர்களும் மடியும்.

முதலில் பவளம் என்றால் என்ன? அது செடியும் அன்று, கல்லும் அன்று. மிகச் சிறிய பிராணிகள் கூட்டமாக வாழ்ந்து, தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு கட்டிக்கொள்ளும் வீடே பவளக்கல். அப்பிராணிகளின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் வாழ்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரித்துப் பவளத்துக்கும் கொடுக்கின்றன. எனவே பவளத்துக்கு வெளிச்சமும் ஓடும் தண்ணீரும் இன்றியமையாதவை.

நம் அண்டை நாடான இந்தோனேசியாவில், ஜக்கார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களையும் காற்றுக் குமிழிகளையும் சூரிய வெளிச்சத்தையும் கொண்டே இத்தகைய தொட்டிகளைப் பராமரித்தார். 1961-இல் அவர் எழுதிய கட்டுரை உலகெங்கும் கவனத்தைப் பெற்றது. பிற்காலத்தில், தொட்டியின் பின்பக்கம் முழுவதும் கற்களைச் சுவர்போல் அடுக்கும் வழக்கம் பரவியது. அப்படி அடுக்கினால் நேரும் தொல்லை என்ன? சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுவதில்லை. மீன் கழிவும் மீந்த உணவும் அங்கே தங்கி அழுகுகின்றன. பவளம் வளரவும் மீன் நீந்தவும் இடமில்லை.

பால்மரக் கன்றுகளை ஏன் இடைவெளி விட்டு நடுகிறோம்? இன்று வெறுமையாகத் தெரியும் இடம், நாளை கிளையும் வேரும் பரவும் இடம். பவளத் தொட்டிக்கும் இதுவே விதி. இன்று விரலளவு இருக்கும் பவளம், சில ஆண்டுகளில் உள்ளங்கை அளவாகும். அதற்குரிய இடத்தை முதல் நாளிலேயே விட்டுவைக்க வேண்டும்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 180 லிட்டர் தண்ணீர் கொள்ளும். தண்ணீரின் எடை மட்டுமே 180 கிலோவுக்கு மேல். பழைய லயத்து வீடுகளின் பலகைத் தரை இதைத் தாங்காது. சிமெண்டுத் தரையில் உறுதியான தாங்கியின்மீது வைக்க வேண்டும்.

இத்தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ கல் போதும். பெரியது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, சிறியது ஒன்று என மூன்று கற்கள் இருக்கட்டும். பெரிய கல்லை நட்டநடுவில் வைக்காமல், நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள். சிறிய கல்லை மறுபக்கம் வைத்து, இடையில் வெறும் மணல்வெளி விடுங்கள். கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையே கை நுழையும் அளவு இடம் வேண்டும். இல்லையேல் பாசியைத் துடைக்க இயலாது.

கற்களை முதலில் அடிக் கண்ணாடியில் அசையாமல் அமர்த்திவிட்டு, அதன் பிறகே மணலைப் பரப்புங்கள். மணல்மீது கல்லை வைத்தால், மணலைத் தோண்டும் மீன்கள் அடியைக் குடைந்துவிடும். கல் சாய்ந்தால் கண்ணாடி உடையும்.

கல் அழகுக்கு மட்டும் அன்று. அதன் நுண்துளைகளில் வாழும் நல்ல பாக்டீரியாக்களே மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சை மாற்றுகின்றன. கல் குறைந்தால் அவற்றின் குடியிருப்பும் குறையும். ஆகவே வடிகட்டியில் நுண்துளையுள்ள பீங்கான் துண்டுகளைப் போடுவதும், மீன்களைக் குறைவாக வளர்ப்பதும் அவசியம். பாக்டீரியாக்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். தண்ணீரைச் சோதித்து, நஞ்சு நீங்கியதை உறுதிசெய்த பின்னரே மீனை விடலாம். அவசரப்பட்டு முதல் வாரமே மீன் விடுவதால்தான் பல தொட்டிகள் பாழாகின்றன.

நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லைப் பயன்படுத்தலாமா என்று நேயர்கள் கேட்கக்கூடும். கடல் நீரில் அது எளிதில் கரையாது. ஆனால் இறுகிய கல்லாதலால் நுண்துளைகள் குறைவு. ஈயக்குட்டைக் கரைகளில் கிடக்கும் கற்களையோ ஒருபோதும் போடாதீர்கள். அவற்றில் ஆர்செனிக், செம்பு கலந்த கனிமங்கள் இருக்கக்கூடும். செம்பு சிறிதளவே கலந்தாலும் பவளம் இறந்துவிடும். குகைகளிலும் மலைகளிலும் கல்லை உடைப்பதும் கூடாது. கிந்தா பள்ளத்தாக்கு 2018 முதல் தேசிய நிலவியல் பூங்காவாக உள்ளது. கடற்பூங்காக்களில் அனுமதியின்றிப் பவளத்தை எடுப்பது 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றமாகும். நுண்துளையுள்ள செயற்கைக் கற்களும், பண்ணைகளில் வளர்த்த பவளத் துண்டுகளும் கடைகளில் விற்கின்றன, அவையே தக்கவை.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாவதில்லை. எனவே குறைந்த அளவை நன்னீரால் நிரப்புங்கள், உப்புநீரால் அன்று. வெப்பம் 25 முதல் 27 பாகைக்குள் இருப்பது நல்லது. நம் ஊர்ப் பகல் வெயிலில் இதற்கு விசிறியோ குளிர்விக்கும் கருவியோ தேவைப்படும்; மின்கட்டணத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள்.

அவ்வளவு செலவு இயலாதவர்கள் நன்னீர்த் தொட்டியில் இதே முறையைக் கையாளலாம். அதற்குச் சுண்ணாம்புக்கல் வேண்டாம். அது கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். மலையோர ஆறுகளில் கிடைக்கும் கருங்கல் ஏற்றது.

எந்தத் தொட்டியானாலும், வாங்குவதற்கு முன் அதன் நீள அகலத்தைப் பழைய செய்தித்தாளில் வரைந்து, பிள்ளைகளைக் கற்களை அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் ஒரு கல் வைக்கலாம் என்று கை நீளும்போது நிறுத்துவதே இக்கலையின் முதற் பாடம். மீதியைப் பவளமே வளர்ந்து நிரப்பிக்கொள்ளும்.