நீர் சேராத சருமப் பூச்சு

நுழையும்முன்

மாணவர்களே! மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் சுக்கு, மிளகு, ஏலம் ஆகியவற்றின் மணத்தை நுகர்ந்திருப்பீர்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, வீட்டிலேயே சருமப் பூச்சு ஒன்றைச் செய்யும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

தோல் ஏன் வறள்கிறது?

நம் தோலின் மேற்பரப்பில் இயற்கையான எண்ணெய்ப் படலம் ஒன்று உள்ளது. உடலின் ஈரம் எளிதில் வெளியேறாமல் அது காக்கிறது. சோப்பு, அழுக்கை நீக்கும்போது அப்படலத்தையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. ஆகவேதான், நாள் முழுதும் சோப்பு நீரில் கைவைத்து உழைப்போரின் விரல்களில் வெடிப்பு உண்டாகிறது. ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்னும் இடத்திலுள்ள சலவைத்துறையில் தமிழ்க் குடும்பத்தார் பல தலைமுறைகளாகத் துணி வெளுத்து வருகின்றனர். உழைத்து வறண்ட கைகள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அக்கைகளுக்கு இதமளிப்பதே இப்பூச்சின் பயன்.

நான் செய்த பிழை

சென்ற மழைக்காலத்தில், கற்றாழைக் கூழையும் தேங்காய் எண்ணெயையும் ஒன்றாகக் கடைந்து ஒரு புட்டியில் அடைத்து வைத்தேன். பார்ப்பதற்குக் கடையில் விற்கும் லோஷனைப் போலவே இருந்தது. 'எல்லாம் இயற்கைப் பொருள்கள். தீங்கு வராது' என்று எண்ணினேன். நான்காம் நாள் மூடியைத் திறந்தபோது புளித்த நாற்றம் வீசியது. மேலே கரும்புள்ளிகள் படர்ந்திருந்தன. முழுவதையும் கொட்டிவிட்டேன்.

காரணம் யாது? எண்ணெயும் நீரும் நுண்துளிகளாக விரவிய கலவை 'பால்மம்' எனப்படும். பாலும் லோஷனும் பால்மங்களே. நீர் உள்ள இடத்தில் பாக்டீரியாவும் பூஞ்சையும் எளிதில் வளரும். ஆலைகளில் அவற்றைத் தடுக்கும் பொருள்களைச் சேர்ப்பர். என் புட்டியில் அத்தகைய காப்பு எதுவும் இல்லை.

பாட்டியரின் அறிவு

நம் பாட்டியர் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர் முதலியவற்றை வெயிலில் காயவைத்து அரைத்து, நலங்கு மாவாக டப்பாவில் வைப்பர். குளிக்கும் வேளையில், வேண்டிய அளவு மட்டும் உள்ளங்கையில் எடுத்து நீரில் குழைப்பர். இலைச்சாறு சேர்த்து எண்ணெய் காய்ச்சும்போது, சலசலப்பு அடங்கும் வரை அடுப்பிலிருந்து இறக்கமாட்டார்கள். அச்சலசலப்பு, சாற்றிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் ஒலியாகும். இரண்டிலும் உள்ள நெறி ஒன்றே: சேமிக்கும் பொருளில் நீர் இருத்தல் ஆகாது. நாமும் அந்நெறியைப் பின்பற்றுவோம்.

தேவையானவை

தேங்காய் எண்ணெய் – 100 மி.லி.
தேன்மெழுகு – 20 கிராம்
உலர்ந்த வெட்டிவேர் – 5 கிராம்

செய்முறை (பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்க)

1. வெட்டிவேரைக் கழுவி, ஈரம் சிறிதும் இன்றி வெயிலில் உலர்த்துக. அதனை நறுக்கி எண்ணெயில் இட்டு, ஒரு வாரம் மூடி வைத்தபின் வடிகட்டுக.

2. அகன்ற பாத்திரத்தில் நீரைச் சூடாக்குக. எண்ணெயும் மெழுகும் உள்ள சிறு கிண்ணத்தை அந்நீரில் வைத்து, மெழுகை உருக்குக. கிண்ணத்திற்குள் நீர் தெறித்தல் கூடாது. தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசில் உருகும். எண்ணெய் தீப்பற்றக்கூடும் ஆதலால், கிண்ணத்தை நேரடித் தீயில் வைக்கலாகாது.

3. உருகியதைக் கலக்கி, ஈரமற்ற புட்டியில் ஊற்றுக. நன்கு ஆறியபின் மூடுக.

தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகையிலேயே உருகிவிடும். எனவே கொச்சியின் வெப்பத்தில் அது பெரும்பாலும் நீர்மமாகவே இருக்கும். மெழுகு சேர்வதால் அது கெட்டிப்பட்டுத் தோலில் தங்குகிறது.

பயன்படுத்தும் முறை

கைகளைக் கழுவியபின் துண்டால் மெல்ல ஒற்றுக. சிறிது ஈரம் இருக்கும்போதே பூச்சைத் தடவுக. அவ்வீரத்தைப் பூச்சு காத்துநிற்கும். உலர்ந்த கரண்டியால் மட்டுமே பூச்சை எடுக்க வேண்டும். ஈரம் கையில் இருக்கலாம், புட்டிக்குள் புகலாகாது.

கவனம்

முதலில் முன்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி, 24 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். சிவப்போ அரிப்போ தோன்றினால் பயன்படுத்தாதீர்கள். எலுமிச்சைச் சாற்றைத் தோலில் தடவாதீர்கள். அதன்மீது வெயில் பட்டால் தோல் புண்ணாகக்கூடும். வெடிப்பில் இரத்தமோ சீழோ வந்தால் மருத்துவரை அணுகுங்கள்.

தெரிந்து தெளிவோம்

டச்சுக்காரர் ஆட்சியில் கொச்சியில் பொறுப்பு வகித்த வான் ரீடு, மலபாரின் 700-க்கும் மேற்பட்ட தாவரங்களைப் பற்றிய செய்திகளைத் தொகுத்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் இலத்தீன் மொழியில் வெளிவந்தது. அதற்குத் தம் மூலிகை அறிவை வழங்கியவர்களுள் இட்டி அச்சுதன் என்னும் மலையாள வைத்தியரும் ஒருவர்.

சொல் அறிவோம் (தமிழ் – மலையாளம்)

வெட்டிவேர் – ராமச்சம்
தேங்காய் எண்ணெய் – வெளிச்செண்ண
பாசிப்பயறு – செறுபயர்

பயிற்சி

1. பால்மம் என்பது யாது? ஓர் எடுத்துக்காட்டுத் தருக.
2. எண்ணெய் காய்ச்சும்போது எழும் சலசலப்பு எதனை உணர்த்துகிறது?
3. 'இயற்கைப் பொருள் கெடாது' என்னும் கூற்று சரியா? காரணம் கூறுக.
4. உங்கள் பாட்டியிடமோ அம்மாவிடமோ நலங்கு மாவு செய்யும் முறையைக் கேட்டு, ஐந்து தொடர்களில் தமிழில் எழுதுக.