வலியதுறைப் பாலமும் விழிஞத்துப் பெட்டியும்

பழவங்காடி பிள்ளையார் சந்நிதியில் தேங்காய் உடைபடும் ஓசை ஓயாத ஓசை. புதுக்கடை திறப்பவர், லாரி வாங்கியவர், பரீட்சை எழுதப் போகும் பிள்ளை, எல்லோரும் இங்கே ஒரு காய் உடைத்துவிட்டுத்தான் அடுத்த காரியம் பார்ப்பார்கள். இடத்தின் பெயரிலேயே அங்காடி இருக்கிறது. நாலடி நடந்தால் சாலைக் கடைவீதி. திவான் ராஜா கேசவதாஸ் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஏற்படுத்திய சந்தை அது. நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் வந்து குடியேறிய நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் தெரு.

விடியற்காலையில் அந்தத் தெருவில் நின்று பார்த்தால் வியாபாரம் என்றால் என்ன என்பது புரியும். "அண்ணாச்சி, லோடு வந்தாச்சு" என்று ஒரு குரல். லாரியின் தார்ப்பாய் விலகுகிறது. துவரம்பருப்பு மூட்டை ஒருவர் முதுகிலிருந்து கடைக்குள் இறங்குகிறது. மில்லில் ஏற்றி, கமிஷன் மண்டியில் இறக்கி, மறுபடி ஏற்றி, இங்கே இறக்கி, மூட்டை கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கூலி உண்டு. கொஞ்சம் சிந்துதலும் உண்டு.

இங்கிருந்து தெற்கே சுமார் 16 கிலோமீட்டரில் விழிஞம். அங்கே நடப்பது வேறு காட்சி. உள்ளே இருப்பது சட்டையா, சைக்கிள் உதிரியா, முந்திரிப் பருப்பா என்று அறியாமலேயே, இருபதடி, நாற்பதடி இரும்புப் பெட்டிகளை ராட்சத கிரேன்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி வைக்கின்றன. இந்த இரண்டு காட்சிகளுக்கும் இடையே கிடப்பதுதான் உலக வர்த்தகத்தின் எழுபது ஆண்டுக் கதை. அந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. அது கொஞ்சம் வருத்தமான பங்கு.

1956ஆம் ஆண்டு

திருவனந்தபுரத்துக்கு ஒரு காலத்தில் சொந்தக் கப்பல்துறை இருந்தது. பழவங்காடியிலிருந்து மேற்கே போனால் வரும் வலியதுறைதான் அது. கப்பல் கரைக்கு வர முடியாத கடற்கரை. ஆகவே கப்பல் தூரத்தில் நங்கூரம் பாய்ச்சும். படகுகள் போய்ச் சரக்கை ஏற்றி வரும். கடலுக்குள் நீண்டிருக்கும் பாலத்தில் நின்று கிரேன் வைத்து மேலே தூக்குவார்கள். பழைய பாலத்தின் மேல் 1947இல் ஒரு கப்பல் மோதியது. அதன் பின் 703 அடி நீளத்தில், ஒரு கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துப் புதிய பாலம் கட்டினார்கள். அது திறக்கப்பட்டது 1956இல்.

அதே 1956ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி, அமெரிக்காவில் நியூவார்க் துறைமுகத்திலிருந்து 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. எண்ணெய்க் கப்பலைத் திருத்தியமைத்து, மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றியிருந்தார்கள். ஏற்பாடு செய்தவர் மால்கம் மெக்லீன். கப்பல்காரர் அல்ல, லாரி முதலாளி. பருத்திப் பொதிகளை லாரியில் கொண்டுவந்து, துறைமுக வாசலில் நாள் முழுக்கக் காத்திருந்தபோது, 'லாரியின் உடலை அப்படியே தூக்கிக் கப்பலில் வைத்தால் என்ன?' என்று தோன்றியதாகப் பின்னாளில் அவரே சொன்னார்.

அன்றைய கணக்கில் சில்லறைச் சரக்கை ஒரு டன் கப்பலேற்ற 5 டாலர் 83 சென்ட் ஆனது. 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் ஆனதோ 16 சென்டுக்கும் குறைவு. ஆக, வலியதுறையில் நாம் மூட்டை இறக்கப் புதுப்பாலம் கட்டிய அதே வருஷம், மூட்டை இறக்கும் முறைக்கே முடிவுகாலம் புறப்பட்டுவிட்டது. யாருக்கும் அன்று அது தெரியாது. நமக்கும் 1956 என்றால் நினைவுக்கு வருவது நவம்பர் முதல் தேதிதான். கேரளம் பிறந்து, கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள்.

படியும் பறையும்

பெட்டியில் அடைத்து அனுப்புவது புதுமை இல்லை. புதுமை எல்லாப் பெட்டியும் ஒரே அளவு என்பதில்தான் இருந்தது. அது எளிதில் வரவில்லை. மெக்லீனின் பெட்டி 35 அடி. ஹவாய்த் தீவுக்குக் கப்பல் விட்ட மேட்சன் கம்பெனியின் பெட்டி 24 அடி. ஒருவர் பெட்டி இன்னொருவர் கப்பலில் பொருந்தாது. ஒருவர் கிரேன் இன்னொருவர் பெட்டியைத் தூக்காது.

நம் கடைவீதிக்காரர்களுக்கு இந்தச் சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. இங்கே நாழி, இடங்ஙழி, பறை. அங்கே படி, மரக்கால். ஊருக்கு ஒரு படி, அதிலும் வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று என்று ஜனங்கள் முணுமுணுத்த காலம் ஒன்று உண்டு. இந்திய அரசு எடை அளவுச் சட்டம் கொண்டுவந்ததும் அந்த 1956இல்தான். 1958 அக்டோபரிலிருந்து கிலோ படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. குமரியில் ஒரு கிலோ காஷ்மீரத்திலும் ஒரு கிலோ என்று ஆனபின், முகம் தெரியாதவனோடும் நம்பி வியாபாரம் செய்ய முடிந்தது.

உலகப் பெட்டிக்கும் அதே கிலோ வைத்தியம் தேவைப்பட்டது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பில் 1961இல் ஒரு குழு உட்கார்ந்தது. ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். பெட்டியின் எட்டு மூலைகளிலும் வைக்கும் துளையிட்ட இரும்பு வார்ப்பு, அதற்குள் நுழைந்து கால் சுற்று திருகிப் பூட்டும் பூட்டு, இவற்றின் உரிமை மெக்லீனின் கம்பெனியிடம் இருந்தது. கம்பெனி அந்த உரிமையை விட்டுக்கொடுத்தது. தன் பூட்டை ஊருக்கே கொடுத்தால்தான் ஊர்ச் சரக்கு தன் கப்பலுக்கு வரும் என்ற வியாபாரப் புத்தி அது. 1968 முதல் 1970 வரை தரங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. அகலம் எட்டடி; நீளம் இருபது அல்லது நாற்பது அடி. உலகத் துறைமுகங்களின் கணக்கே இன்று இருபதடிப் பெட்டியை ஒன்று என வைத்துத்தான்.

அடுத்த முறை பைபாஸ் சாலையில் கன்டெய்னர் லாரி போனால் கவனியுங்கள். மூலைகளில் அந்தத் துளைகள் தெரியும். பக்கவாட்டில் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். கடைசி எண் மற்றவை சரியா என்று சோதிக்கும் எண். ஒரு எண்ணைத் தவறாகக் குறித்தால் அநேகமாக அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

கைவிடப்பட்ட துறைகள்

பெட்டி வந்ததும் பழைய துறைமுகங்கள் பல படுத்தன. நியூயார்க் நகரின் மான்ஹாட்டன், புரூக்ளின் துறைகளின் சரக்கெல்லாம் ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்ஸிக்குப் போயிற்று. லண்டன் நகருக்குள் இருந்த புகழ்பெற்ற கப்பல்துறைகள் 1981க்குள் மூடப்பட்டன. பெட்டி வைக்கப் பரந்த வெளி வேண்டும், பெரிய கப்பலுக்கு ஆழம் வேண்டும். நகர நடுவில் இரண்டும் இல்லை. அங்கே மூட்டை சுமந்து பிள்ளைகளைப் படிக்கவைத்த ஆயிரமாயிரம் தொழிலாளிகளுக்கு வேலை போயிற்று.

வலியதுறையின் கதியும் அதுதான். இந்தியாவுக்கு முதல் கன்டெய்னர் கப்பலான 'பிரஸிடெண்ட் டைலர்' 1973 நவம்பரில் வந்தபோது, அது அணைந்தது கொச்சியில். படகில் மூட்டை இறக்கும் துறையில் பெட்டிக்கு என்ன வேலை? பாலத்தில் கப்பல் போக்குவரத்து நின்றது. தூண்டில்காரர்களும் மாலைக் காற்று வாங்குபவர்களுமே மிஞ்சினார்கள். 2021இல் கடல் சீற்றத்தில் பாலம் சரிந்தது. 2024 மார்ச்சில் ஒரு பகுதி முறிந்து தனியானது. கடலரிப்பில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பல ஆண்டுகள் தங்கியது அதே வலியதுறையின் பழைய கிடங்குகளில்.

கொழும்பைச் சுற்றி வந்த சரக்கு

கப்பல் பெரிதாகப் பெரிதாக இன்னொரு சங்கடம் வந்தது. ராட்சதக் கப்பல் நம் துறைமுகங்களுக்கு வரவில்லை. தூத்துக்குடிச் சரக்கும் கொச்சிச் சரக்கும் சிறு கப்பலில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறின. இப்படி மாற்றி ஏற்றப்படும் இந்தியச் சரக்கில் சுமார் 75 சதவீதம் வெளிநாட்டுத் துறைமுகங்களில்தான் மாறியது என்று மத்திய அரசே கணக்குச் சொல்லியிருக்கிறது. அந்தக் கூலி நம் ஏற்றுமதியாளர் தலையில். கொச்சியில் 2011இல் வல்லார்பாடம் முனையம் திறந்தும் கொழும்பின் பிடி தளரவில்லை.

விழிஞத்தின் சிறப்பு இயற்கை கொடுத்தது. ஆய் மன்னர்கள் காலத்திலேயே பெயர்பெற்ற துறை; சோழர் செப்பேட்டிலும் அதன் பெயர் உண்டு. கரையருகிலேயே 18 மீட்டருக்கு மேல் ஆழம். சர்வதேசக் கப்பல் பாதை சுமார் 10 கடல் மைலில். 2015இல் ஒப்பந்தம் ஆகி, 2024 ஜூலை 11 அன்று 'சான் பெர்னாண்டோ' முதல் தாய்க்கப்பலாக வந்தது. 2025 மே 2இல் பிரதமர் நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே 24,346 பெட்டிகள் கொள்ளும் 'எம்.எஸ்.சி. ஐரினா' வந்து நின்றது. முதல் கப்பலின் 58 பெட்டிகளை நினைத்துப் பாருங்கள்!

ஊருக்கு என்ன?

மகிழ்ச்சிக்கு நடுவே கேட்க வேண்டிய கேள்வியும் உண்டு. துறைமுக வேலையால் கரை அரிக்கிறது என்று மீனவ மக்கள் 2022இல் நான்கு மாதத்துக்கு மேல் போராடினார்கள். 2025 மே 25 அன்று, விழிஞத்திலிருந்து கொச்சிக்குப் போன 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்ற கப்பல் 640 பெட்டிகளோடு மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் பிழைத்தார்கள். ஆனால் பிளாஸ்டிக் மணிகள் நம் கடற்கரை வரை வந்து ஒதுங்கின. வலை வீச முடியாத நாட்களின் நஷ்டம் பெட்டிக்காரருடையது அல்ல, படகுக்காரருடையது.

மூட்டை சுமப்பவர் கதையும் இருக்கிறது. அவர்களுக்குக் கூலியும் நலநிதியும் உறுதி செய்யக் கேரளம் 1978இல் சட்டம் இயற்றியது. தூக்காத சுமைக்கு வாங்கும் 'நோக்குகூலி'யை 2018 மே முதல் தேதியிலிருந்து ஒழித்ததும் இதே கேரளம்தான். விழிஞத்துப் பெட்டியை அவர்கள் தொடப்போவதில்லை. அங்கே கிரேன் பெரும்பாலும் கண்காணிப்பு அறையிலிருந்து நடக்கிறது. அந்த அறையில் விழிஞம் பகுதிப் பெண்களும் பயிற்சி பெற்று அமர்ந்திருப்பது நல்ல சேதி. அப்பா வலை இழுத்த கரையில் மகள் கிரேன் ஓட்டுகிறாள். ஆனால் எத்தனை பேருக்கு அந்த நாற்காலி?

மேலும், விழிஞம் முதலில் தொடங்கியது கப்பலிலிருந்து கப்பலுக்கு மாற்றும் துறைமுகமாக. பெட்டி வந்தது, போனது, ஊருக்குள் வரவில்லை. நெடுஞ்சாலை இணைப்பும், பாலராமபுரம் வரை திட்டமிட்டுள்ள 10.7 கிலோமீட்டர் ரயில் பாதையும் எவ்வளவு வேகமாக வேலை செய்யத் தொடங்குகின்றன என்பதைப் பொறுத்தது நம் லாபம். அந்தப் பாதையின் பெரும்பகுதி சுரங்கம். அது நிறைவேறினால் நாகர்கோவில், திருநெல்வேலிச் சரக்குக்கும் விழிஞமே பக்கத்து வாசல்.

சாலைக் கடைவீதி வியாபாரிகளும் இப்போதே யோசிக்கலாம். பெட்டிக்குத் தரம் இருப்பதுபோல உள்ளே போகும் பண்டத்துக்கும் தரம் கேட்பார்கள். ஒரே எடை, ஒரே ரகம், ஒழுங்கான சிப்பம், சரியான காகிதம். கையால் தொட்டுப் பார்த்து வாங்கும் வாடிக்கைக்காரர் வேறு. கடலுக்கு அப்பால் இருந்து சீட்டைப் பார்த்து வாங்குபவர் வேறு.

1956இல் வலியதுறையில் பாலம் கட்டியவர்கள் திறமையற்றவர்கள் அல்ல. பாலம் நன்றாகத்தான் கட்டப்பட்டது. உலகம் மாறிய சேதிதான் கரை வந்து சேரவில்லை. இம்முறை சேதி பதினாறு கிலோமீட்டர் தூரத்தில் கண்ணெதிரே நிற்கிறது. பிள்ளையாருக்கு ஒரு காய் உடைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தக் கரைப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பும் வழியில் வலியதுறையையும் ஒருமுறை காட்டுங்கள்.