பனி குறித்த வாக்குப்பதிவு நாள்

சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் முதல் வாக்கு விழுந்தது டெல்லியில் அல்ல, பம்பாயிலும் அல்ல. இமாச்சலப் பிரதேசத்தின் சீனி என்ற மலைத் தாலுகாவில். இன்று அந்த ஊரின் பெயர் கல்பா. கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 2,960 மீட்டர் உயரம். எதிரே கின்னர் கைலாசத்தின் சிகரங்கள். 1951 அக்டோபர் 25 காலையில் அங்கே வாக்குப்பதிவு தொடங்கியது. அதே நாட்களில் வாக்களித்த இன்னொரு பகுதி, சம்பா மாவட்டத்துப் பாங்கிப் பள்ளத்தாக்கு. இரண்டு பகுதிகளும் இன்று ஒரே மக்களவைத் தொகுதிக்குள் இருக்கின்றன. அதன் பெயர் மண்டி.

நாட்டின் பெரும்பகுதி வாக்களித்ததோ 1952 ஜனவரியிலும் பிப்ரவரியிலும். அப்படியானால் இந்த மலைவாசிகளுக்கு மட்டும் மூன்று மாதம் முன்கூட்டியே ஏன் தேர்தல்? பதில் அரசியலில் இல்லை, வானிலையில் இருக்கிறது.

நமக்கு மழை தரும் பருவக்காற்று பீர் பஞ்சால் மலைத்தொடரைத் தாண்டுவதற்குள் தன் ஈரத்தையெல்லாம் இறக்கி வைத்துவிடுகிறது. அதனால் தொடருக்கு அப்பால் உள்ள லாஹௌல், ஸ்பிதி பள்ளத்தாக்குகளில் ஜூலையில்கூட மழை அபூர்வம். ஸ்பிதி ஒரு குளிர்ப் பாலைவனம். அங்கே ஈரம் வரும் பாதை வேறு: மத்திய தரைக்கடல் பக்கம் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வுகள் ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகக் கிழக்கே நகர்ந்து, குளிர்காலத்தில் இமயமலையில் மோதுகின்றன. வானிலையாளர்கள் இவற்றை ‘மேற்கத்திய இடையூறு’ என்கிறார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை அவை கொட்டும் பனி, கணவாய்களை மாதக்கணக்கில் மூடிவிடும். 3,978 மீட்டர் உயரமுள்ள ரோதங் கணவாய் நவம்பர் வாக்கில் மூடினால், திறக்க மே மாதம் ஆகிவிடும். ஜனவரியில் சீனியிலும் பாங்கியிலும் தேர்தல் வைத்தால் வாக்குப்பெட்டியும் போய்ச் சேராது, வாக்காளரும் வந்து சேர மாட்டார். ஆகவே பனி விழும் முன் முடித்துவிட வேண்டும் என்று தேர்தல் ஆணையம் முடிவெடுத்தது.

அந்த முதல் காலையில் முதலாவதாக வாக்களித்தவர் என்று பின்னாளில் நாடு கொண்டாடிய ஷியாம் சரண் நேகி, ஒரு பள்ளி ஆசிரியர். அவருக்குத் தேர்தல் பணி வேறிடத்தில் இருந்தது. பணிக்குக் கிளம்பும் முன் சொந்த ஊரில் சீக்கிரமே வாக்களிக்க வேண்டியிருந்தது. அதனால் வரிசையில் முதல் ஆளானார். அதற்குப் பிறகு அவர் ஒரு தேர்தலையும் தவறவிடவில்லை. 2022 நவம்பர் 2 அன்று வீட்டிலிருந்தபடியே அஞ்சல் வாக்கு அளித்தார். மூன்று நாள் கழித்து, 105 வயதில் காலமானார்.

அவர் 1951-இல் வாக்களித்த முறை இன்றைய வாக்காளருக்கு வியப்பாக இருக்கும். சீட்டில் முத்திரை குத்தவில்லை, எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அன்று இந்தியரில் எழுத்தறிந்தவர் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். பெயரைப் படித்து அடையாளமிடுங்கள் என்று எப்படிக் கேட்பது? தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் ஆணையம் கண்ட வழி எளிமையானது: ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி இரும்புப் பெட்டி. பெட்டியின் மேல் அவருடைய சின்னம். மறைப்புக்குள் போய், பிடித்த சின்னமுள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வந்தால் போதும். சீட்டில் எதையும் எழுத வேண்டியதில்லை. ஆனால் இந்த எளிமைக்கு விலை உண்டு. ஒரு சாவடிக்கு ஒரு பெட்டி போதாது, வேட்பாளர்கள் எத்தனை பேரோ அத்தனை பெட்டிகள் வேண்டும். நாடு முழுவதற்கும் 20 லட்சத்துக்கு மேல் பெட்டிகள் செய்ய வேண்டியிருந்தது. மோட்டார் வாகனம் ஏற முடியாத மலைத்தடங்களில் அந்தச் சுமை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சீனி அடங்கிய மண்டி–மகாசு என்ற அன்றைய தொகுதி ஓர் ‘இரட்டை உறுப்பினர் தொகுதி’. அதாவது ஒரே தொகுதியிலிருந்து இரண்டு பேர் நாடாளுமன்றம் போவார்கள், அதில் ஓர் இடம் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஆகவே ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்குகள். இரண்டையும் ஒருவருக்கே போடக்கூடாது. காங்கிரஸைச் சேர்ந்த ராஜ்குமாரி அம்ரித் கௌரும் கோபி ராமும் வென்றார்கள். கபூர்தலா அரச குடும்பத்தில் பிறந்து, காந்தியின் செயலாளராக இருந்த அம்ரித் கௌர்தான் நாட்டின் முதல் சுகாதார அமைச்சர். டெல்லியின் எய்ம்ஸ் மருத்துவமனை அவருடைய முயற்சியில் பிறந்தது. இரட்டை உறுப்பினர் முறை 1961-இல் சட்டம் மூலம் ஒழிக்கப்பட்டது.

அதன் பிறகு வந்த உறுப்பினர்களின் பட்டியலைப் பார்த்தால், பழைய சமஸ்தானங்களின் வரைபடத்தையே பார்ப்பது போலிருக்கும். 1957-இல் மண்டி ராஜா ஜோகிந்தர் சென். 1962, 1967-இல் சுகேத் அரச குடும்பத்து லலித் சென். 1971-இல் புஷஹர் அரச குடும்பத்து வீரபத்ர சிங்; சீனி அமைந்த கின்னோர் முழுவதும் ஒருகாலத்தில் அந்த சமஸ்தானத்தின் ஆளுகையில் இருந்தது. 1989-இல் குல்லு அரச மரபின் மகேஷ்வர் சிங். மலையிடுக்குகளில் தனித்தனியாக வாழ்ந்த சிறு அரசுகளை ஒட்டித் தைத்து உருவான தொகுதி இது. குல்லுவும் லாஹௌல்–ஸ்பிதியும் 1966 நவம்பர் வரை பஞ்சாபில் இருந்தவை.

இப்படித் தைத்த துணி எவ்வளவு பெரியது? ஆறு மாவட்டங்களைத் தொடும் 17 சட்டமன்றத் தொகுதிகள். மாநிலப் பரப்பில் பாதிக்கும் மேல் இதற்குள் அடங்குகிறது. மண்டி, குல்லு, கின்னோர், லாஹௌல்–ஸ்பிதி என்ற நான்கு மாவட்டங்களின் பரப்பை மட்டும் கூட்டினாலே கேரள மாநிலத்தில் முக்கால் பங்கு வரும். கேரளம் 20 பேரை மக்களவைக்கு அனுப்புகிறது. இங்கே ஒருவர்தான். வாக்காளர்கள் 13 லட்சத்துக்கு மேல். லாஹௌல்–ஸ்பிதியையும் கின்னோரையும் சேர்த்தால் 20,000 சதுர கிலோமீட்டர். அதில் வாக்காளர்கள் சுமார் 85,000 பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு நாலைந்து பேர் என்ற கணக்கு.

வாக்காளர் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கக் கூடாது என்பது ஆணையத்தின் நெறி. இந்த நெறியைப் பனிமலையில் கடைப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று, ஸ்பிதியில் உள்ள தாஷிகாங். 15,256 அடி உயரத்தில் உள்ள இந்த வாக்குச்சாவடி, உலகிலேயே மிக உயரமானது என்று சொல்லப்படுகிறது. ஊட்டியைப் போல இரு மடங்கு உயரம். பட்டியலில் உள்ள வாக்காளர்கள் நூறு பேர்கூட இல்லை. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 57 சதவீதம்தான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். நாலு படி ஏறினாலே சமவெளிக்காரருக்கு இளைக்கும். அந்த உயரத்துக்கும் இயந்திரமும் அலுவலர்களும் போகிறார்கள்.

இயந்திரமும் இந்த நிலத்துக்கு ஏற்றதாக அமைந்தது நல்வாய்ப்பு. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை, மின்கலத்திலேயே ஓடும். எந்த வலைப்பின்னலோடும் அதற்குத் தொடர்பில்லை. ஆகவே சிக்னல் இல்லாத கிராமமும் மாநகரமும் அதற்கு ஒன்றுதான். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி தூக்கிய காலம் போய், ஒரு கைப்பெட்டியில் தேர்தல் அடங்கிவிட்டது. இதன் வடிவமைப்பை பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மேற்பார்வையிட்ட பொறியாளர் எஸ். ரங்கராஜனைத் தமிழ் வாசகர்களுக்கு வேறு பெயரில் நன்றாகத் தெரியும்: சுஜாதா.

விரலில் வைக்கும் மையிலும் ஒரு சின்ன வேதியியல் ஒளிந்திருக்கிறது. மையில் இருப்பது வெள்ளி நைட்ரேட். தோலின் உப்போடு கலந்ததும் அது வெள்ளிக் குளோரைடாக மாறும். இது நீரில் கரையாது. ஒளி பட்டதும் கருக்கும். பழைய புகைப்படச் சுருளில் படம் விழுந்ததற்கும் வெள்ளிச் சேர்மங்களின் இதே குணம்தான் காரணம். சோப்பு என்ன செய்தாலும் கறை போகாது. நகமும் தோலும் வளர்ந்து உதிர்ந்தால்தான் போகும். 1962 முதல் இந்த மை மைசூரிலிருந்து வருகிறது.

மண்டியின் முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு மிகப் பெரிய வியப்பு வேறொன்று. இதுவரை நடந்த 18 பொதுத்தேர்தல்களில் 16 முறை, மண்டியில் வென்ற கட்சியே டெல்லியில் ஆட்சிக்குத் தலைமை ஏற்றது. விலகிய இரண்டு முறைகள் 1989, 1996. அவையும் பாதி விலகல்தான்: 1989-இல் இங்கே வென்ற பா.ஜ.க. வி.பி. சிங் அரசை வெளியிலிருந்து ஆதரித்தது. 1996-இல் வென்ற காங்கிரஸ் ஐக்கிய முன்னணி அரசை வெளியிலிருந்து ஆதரித்தது. முதல் ஐந்து தேர்தல்களை இந்தக் கணக்கில் சேர்ப்பது சரியல்ல. அப்போது பெரும்பாலான இடங்களில் காங்கிரஸே வென்றது. உண்மையான சோதனை 1977-இல் தொடங்குகிறது. ஜனதா அலையில் வீரபத்ர சிங் இங்கே கங்கா சிங்கிடம் தோற்றார், 1980-இல் திரும்ப வென்றார். இதில் மாயம் ஏதுமில்லை என்பது என் கருத்து. இமாச்சலத்தில் போட்டி பெரும்பாலும் இரண்டு தேசியக் கட்சிகளுக்கு இடையில்தான். நடுவில் தடுத்து நிறுத்த வலுவான மாநிலக் கட்சி நிலைக்கவில்லை. டெல்லியில் வீசும் காற்று நேராக வந்து சேருகிறது.

அரச குடும்பம் சாராதவர்களில் தனி இடம் சுக் ராமுக்கு. 1984, 1991, 1996 என மூன்று முறை வென்றவர். தொலைத்தொடர்பு அமைச்சராக 1995 ஜூலை 31 அன்று டெல்லியில் அமர்ந்து, கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு பேசிய இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பை ஏற்றவர் இவர்தான். மறு ஆண்டே வீட்டில் கோடிக்கணக்கில் ரொக்கம் பிடிபட்டது. ஊழல் வழக்குகளில் தண்டனையும் பெற்றார்.

பனியோ தன் ஆட்சியை விடவில்லை. 1998 பிப்ரவரியில் இமாச்சல சட்டமன்றத்துக்கு வாக்குப்பதிவு நடந்தபோது கின்னோர், லாஹௌல்–ஸ்பிதி, பர்மோர் என்ற மூன்று தொகுதிகள் மட்டும் காத்திருந்து ஜூனில் வாக்களித்தன. 2004 முதல் மக்களவைத் தேர்தல் கோடைக்கு வந்துவிட்டது. இப்போது பனி உருக வேண்டும் என்பதற்காக மண்டி வரிசையின் கடைசிக்குப் போகிறது: 2019-இல் கடைசிக் கட்டம், 2024-இலும் கடைசிக் கட்டம், ஜூன் 1. முதலில் வாக்களித்த மண் கடைசியாக வாக்களிக்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒரே பனி.

இடைத்தேர்தல் மட்டும் இந்த ஒழுங்குக்குள் வராது. 2019-இல் பா.ஜ.க.வின் ராம் ஸ்வரூப் சர்மா 4,05,459 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2021-இல் அவர் மறைந்ததும் அக்டோபர் 30 அன்று வாக்குப்பதிவு நடந்தது, மீண்டும் பனிக்கு முந்தைய நாட்களில். காங்கிரஸின் பிரதிபா சிங், வீரபத்ர சிங்கின் மனைவி, 7,490 வாக்குகளில் வென்றார். நோட்டாவுக்கு விழுந்ததே 12,000-க்கு மேல். நாலு லட்ச வித்தியாசத்தின்போது ஸ்பிதியின் ஒரு குக்கிராமம் முடிவை மாற்றப் போவதில்லை. ஏழாயிரம் என்று வரும்போது கின்னோரும் லாஹௌலும் போடும் ஒவ்வொரு வாக்கும் எண்ணிக்கை மேசையில் கனக்கிறது. 2024-இல் நடிகை கங்கனா ரணாவத், பிரதிபாவின் மகன் விக்ரமாதித்ய சிங்கை 74,755 வாக்குகளில் வென்று தொகுதியை பா.ஜ.க.வுக்குத் திருப்பினார்.

2021 இடைத்தேர்தலுக்கு ஓராண்டு முன், 2020 அக்டோபர் 3 அன்று, ரோதங்கின் அடியில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டிருந்தது. லாஹௌல் இனிக் குளிர்காலத்தில் முழுவதும் துண்டிக்கப்படுவதில்லை. லாஹௌலையும் ஸ்பிதியையும் இணைக்கும் குன்சும் கணவாய், 4,590 மீட்டர் உயரத்தில், இன்னும் பனி விழுந்ததும் மூடிக்கொள்கிறது.