முயலின் வயிற்றுக் கொப்புளமும் வீட்டு நாயும்

சங்கப் பணியாக அண்மையில் ஐயப்பன்தாங்கல் சென்றிருந்தோம். அங்கத்தினர் ஒருவர் நம்மை அணுகி, "ஐயா, சாலையில் வண்டி மோதிச் செத்த காட்டு முயலை எங்கள் நாய் கிழித்துத் தின்றுவிட்டது. முயலின் குடலைச் சுற்றிப் பட்டாணி போன்ற நீர்க்கொப்புளங்கள் இருந்தன. அவை விஷமா?" என்று வினவினார். நாயும் ஆடும் வளர்ப்போர் யாவருக்கும் உரிய கேள்வியாதலின் அதனை இங்கு விளக்குவோம்.

அத்தகைய கொப்புளம் பெரும்பாலும் நாடாப்புழுவின் இளம் பருவமே, விஷமன்று. முதிர்ந்த புழு நாய், நரி ஆகியவற்றின் சிறுகுடலில் வாழ்கிறது. அதன் முட்டைகள் மலத்துடன் வெளிப்பட்டுப் புல்லில் ஒட்டுகின்றன. முயல் அப்புல்லை மேய்ந்ததும் முட்டை பொரிந்து, இளம்புழு குடற்சுவரைத் துளைத்து இரத்தத்தின் வழியே ஈரலை அடைகிறது. சில வாரங்களுக்குப் பின் ஈரலைவிட்டு வெளிவந்து, வயிற்றினுள் கொப்புளமாகத் தங்குகிறது. கொப்புளங்கள் சிலவாயின் முயலுக்குத் தீங்கு குறைவு. மிகுந்தால் ஈரல் கெட்டு முயல் மெலியும்.

அம்முயலை நாய் தின்றால், கொப்புளத்திலுள்ள புழு நாயின் குடலைப் பற்றிக்கொண்டு ஏறக்குறைய 2 மாதங்களில் முதிர்ச்சி பெறும். 1851ஆம் ஆண்டில் குக்கன்மைஸ்டர் என்னும் ஜெர்மானிய மருத்துவர், இக்கொப்புளங்களை நரிகளுக்குத் தின்னக் கொடுத்து, அவை நாடாப்புழுக்களாக வளர்வதை மெய்ப்பித்தார். எனவே முயலிலிருந்து முயலுக்கு இந்நோய் நேரே தொற்றுவதில்லை. இடையில் நாயோ நரியோ வேண்டும்.

இப்புழு பொதுவாக மனிதரைப் பற்றுவதில்லை. ஆயினும் நாயின் குடலில் வாழும் வேறொரு சிறிய நாடாப்புழு, ஆடுமாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகளை உண்டாக்கும். அதன் முட்டை வாய்வழிப் புகுந்தால் மனிதருக்கும் அக்கட்டி தோன்றும். நாயோடு விளையாடிய கையைக் கழுவாது உண்ணும் குழந்தைகளுக்கே அபாயம் மிகுதி.

ஆதலின் அங்கத்தினர்கள் செய்யவேண்டுவன சில. இறந்த பிராணிகளையும், ஆடறுத்த கழிவுகளையும் நாய்க்கு இடலாகாது. கழிவுகளை ஆழப் புதைத்தல் வேண்டும். கால்நடை மருத்துவர் கூறும் இடைவெளியில் நாய்க்குப் புழு மருந்து தரவேண்டும். கீரையையும் கையையும் நன்கு கழுவுதல் அவசியம். காட்டு முயலை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறத்தலாகாது.

ஒரு வீட்டார் மட்டும் மருந்து கொடுத்து, அடுத்த வீட்டார் வாளாவிருப்பின் பயன் சிறிதே. தெருவார் அனைவரும் ஒரே நாளில் தத்தம் நாய்களுக்கு மருந்து கொடுப்பாராயின், அதுவும் நல்ல கூட்டுறவே ஆகும்.